குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வக்கீலைத் தேடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குக்கர் வெடித்துக் காயம்பட்டவர்கள் வக்கீலிடம் வரும்போது பெரும்பாலும் அந்தக் குக்கரே கையில் இருப்பதில்லை. கம்பெனி ஆள் புதியதைக் கொடுத்து, பழையதை எடுத்துக்கொண்டு, 'முழு திருப்தி' என்று கையெழுத்தும் வாங்கிப் போயிருப்பார். பாதி வழக்கு அங்கேயே போயிற்று. மூடி, வெயிட், சேஃப்டி வால்வு, கேஸ்கட் எதையும் கழுவாமல், கழற்றாமல் அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். குறிப்பாகக் கேஸ்கட். 'வேறு கம்பெனி கேஸ்கட் போட்டார்கள்' என்பதுதான் எதிர்தரப்பு எடுக்கும் முதல் வாதம். பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர் மீது வழக்கு நில்லாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆவது பிரிவு. தயாரித்தவரும் அதையே பிடித்துக்கொள்வார். பில், ஐ.எஸ்.ஐ. முத்திரை தெரியும் படம், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் ஆகியவையும் வேண்டும்.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இணையத்தில் 'நம்பர் ஒன்' என்று வருபவரைத் தேடுவதைவிட, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள். யார் வாதாடுகிறார், யார் வாய்தா மட்டுமே கேட்கிறார் என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

பிடித்தவரிடம் முதலில், எந்தப் பிரிவில் போடுவீர்கள் என்று கேளுங்கள். 'சேவைக் குறைபாடு' என்பதோடு நிறுத்திக்கொண்டால் யோசியுங்கள். தயாரிப்பாளரின் பொறுப்பைச் சொல்வது அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு. கடைக்காரரை மட்டும் எதிர்தரப்பாக்கி, தயாரித்த கம்பெனியை விட்டுவிடும் மனுக்களும் உண்டு. அடுத்து, குக்கரை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி மனு போடுவாரா? நிபுணர் அறிக்கை இல்லாமல் தள்ளுபடியாகும் வழக்குகள் கொஞ்சமல்ல.

'ஜெயித்தால் 30 சதவீதம்' என்பவரிடம் போக வேண்டாம். அமெரிக்காவில் அது வழக்கம். இங்கே விதி தடுக்கிறது. கட்டணத்தை மொத்தமாகப் பேசி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஆய்வகச் செலவு தனி. ஆணையத்துக்குக் கட்ட வேண்டியது, பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை ஒன்றுமில்லை. கணக்கு பொருளுக்குக் கொடுத்த விலையில்தான், கேட்கும் இழப்பீட்டில் அல்ல. எனவே 2,500 ரூபாய் குக்கருக்கு 20 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 'கோர்ட் ஃபீஸ்' என்று யாராவது பெருந்தொகை கேட்டால் ரசீது கேளுங்கள். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

சிகிச்சை முழுக்க முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் கெடுவை விட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு உள்ளே போக வேண்டும். அதற்குப் பின் போனால், தாமதத்துக்குக் காரணம் காட்டி ஆணையத்தை ஏற்கவைக்க வேண்டும். சிகிச்சை ரசீதுகளைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம்.

- வழக்கறிஞர் ஒருவர், மதுரை