நமது இலக்கிய வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த அறிக்கை சென்ற மாதமே வாசிக்கப்பட்டிருக்க வேண்டியது. அன்று கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. பதினொரு பேர் இருந்தோம். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

சித்திரைக் கூட்டம் நடந்தது. ஆகஸ்டில் குழந்தைகளுக்கான திருக்குறள் போட்டி நடந்தது. நவம்பர் கூட்டம் தில்லிக் காற்றின் புண்ணியத்தில் தள்ளிப்போய், பாரதி பிறந்தநாளோடு சேர்த்து நடத்தப்பட்டது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. சர்க்கரைப் பொங்கல் போதவில்லை என்ற புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

அடுத்தது கவி சம்மேளனத் தொடர், அதாவது இந்தி மேடைக் கவியரங்கத்தைப் பற்றி நான் நடத்திய உரைத் தொடர். 'செயலாளரின் சொந்த ஆசைக்குச் சங்கப் பணமா?' என்று நமது வாட்ஸப் குழுவில் ஒருவர் கேட்டு, பதினான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தில்லிக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளாகியும், குடியரசு நாளையொட்டி நடக்கும் செங்கோட்டைக் கவி சம்மேளனத்தின் சுவரொட்டியைத் தாண்டி நான் போனதில்லை. ஒரு வருடம் பக்கத்து ஃப்ளாட்காரர் கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஜனவரிக் குளிர். நள்ளிரவு தாண்டியும் ஜனங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்க்கடலை கொறித்தபடி கவிதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் மண்டபத்தில் எட்டரை தாண்டினால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த ஜனம் எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்தத் தொடரின் நோக்கம். செயற்குழுவில் முறைப்படி தீர்மானம் போட்டுத்தான் தொடங்கினோம். கையெழுத்திட்டவர்களில் மூவர் அந்தப் பதினான்கு பேரிலும் இருக்கிறார்கள்.

ஐந்து மாலைகள். முதல் மாலையில் கதையைக் காசியில் தொடங்கினேன். இந்திக் கவிஞர் பாரதேந்து ஹரிச்சந்திரர் 1870-களில் அங்கே கவிஞர்களைக் கூட்டிச் சபை நடத்தியவர். அன்றைய விளையாட்டுக்குப் பெயர் சமஸ்யா பூர்த்தி. ஓர் ஈற்றடியைக் கொடுப்பார்கள், கவிஞர் மேலே கட்டி முடிக்க வேண்டும். காளமேகத்தைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிறகு கான்பூரில் சனேஹி என்ற கவிஞர். ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதால் தேசியக் கவிதைகளுக்கு மட்டும் 'திரிசூல்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். அரண்மனையிலும் ரசிகர் வீட்டுக் கூடத்திலும் பிரஜ் மொழியில் ஓடிக்கொண்டிருந்த கவிதை, பொது மைதானத்துக்கும் கடீ போலீ எனும் இன்றைய இந்திக்கும் வந்து சேர்ந்தது அந்தத் தலைமுறையில்தான். உருதுக் கவியரங்கமான முஷாயிராவில் கவிஞர் முன்னால் மெழுகுவர்த்தி நகரும்; இங்கே சரஸ்வதி வந்தனம், வெள்ளை விரிப்பு, திண்டு. மூத்தவர் கடைசியில் படிப்பது இரண்டுக்கும் பொது. அன்று வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். தொடரின் உச்ச வருகை அதுதான்.

இரண்டாம் மாலைதான் எனக்குப் பிடித்தது. மேடையில் ஏழெட்டு ஆண்கள், ஒரே ஒரு பெண். அவர் காதல் கவிதை படிப்பார். தொகுத்து நடத்தும் சஞ்சாலக் அவரை வைத்து ஜோக் அடிப்பார். யூடியூபில் நான் போட்டுக் காட்டிய மூன்றிலும் இதே காட்சி. "எப்பவுமே இப்படித்தானா சார்?" என்று ஒரு மாமி கேட்டார். இல்லை. 1933 ஏப்ரல் 15-இல் அலகாபாத்தில், பிரயாக் மகளிர் வித்யாபீடத்தில், இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா பெண்களுக்கென்றே ஓர் அகில இந்தியக் கவி சம்மேளனம் நடத்தினார். தலைமை, ஜான்சி ராணியைப் பாடிய சுபத்ரா குமாரி சௌஹான். தொண்ணூறு ஆண்டுகளில் முன்னேறியிருக்கிறோமா, பின்னேறியிருக்கிறோமா என்று மாமி விடாமல் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நம் செயற்குழுவிலும் ஒன்பது பேரில் ஒருவர்தான் பெண் என்பதை அவர் எண்ணிச் சொன்னதும் கூட்டம் சற்று முன்னதாகவே முடிந்தது.

மூன்றாம் மாலை குரலைப் பற்றியது. 1935-இல் நூலாக வந்த, கவிஞர் ஹரிவன்ஷ்ராய் பச்சனின் 'மதுசாலை'க்கு நூற்று முப்பத்தைந்து நாலடிகளும் அவர் பாடிய மெட்டும் சரிபாதிப் பங்காளிகள். கவிஞர் நீரஜும் அப்படித்தான். கவிஞர் தினகரைப் பற்றிப் பேசும்போது, 1950-இல் குடியரசு பிறந்ததைப் பாடிய அவர் கவிதையின் வரியை, 1975 ஜூன் 25 அன்று ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முழங்கியதைச் சொன்னேன். அன்றிரவே நெருக்கடி நிலை வந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தவராம். ஆபீசில் சொல்லாமல் போனதாக ஐம்பது வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். இது ஒன்றுக்காகவே அந்த மாலையின் டீச் செலவு தகும்.

நான்காம் மாலை ஹாஸ்யம். ஹாத்ரஸ் ஊர்க்காரர் காகா ஹாத்ரசி, 1906-இல் பிறந்தவர். சங்கீதப் புத்தகங்கள் வெளியிட்டுக்கொண்டே நாட்டைச் சிரிக்க வைத்தவர். 1995-இல் தன் பிறந்தநாளான செப்டம்பர் 18 அன்றே மறைந்தார். அழக் கூடாது என்று சொல்லிவைத்திருந்ததால், ஒட்டக வண்டியில் இறுதி ஊர்வலம் போய், சுடுகாட்டிலேயே ஹாஸ்யக் கவி சம்மேளனம் நடந்தது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் ஒன்பது பேர். அன்று வந்தவர்களே ஒன்பது பேர்தான்.

ஐந்தாவது, இன்றைய நிலை. 1943-இல் இந்திக் கவிஞர் அக்ஞேயர் ஏழு கவிஞர்களைத் தொகுத்ததிலிருந்து புதுக்கவிதை தாளோடு நின்றுகொண்டது, மேடை வேறு வழியில் போனது. 'மேடைக் கவிஞர்' என்பது அங்கே பாதி வசவு. தொலைக்காட்சி வந்தது, நாலு வரியும் நாற்பது ஜோக்கும் என்றானது, யூடியூபில் நட்சத்திரங்கள் முளைத்தார்கள், லிஃபாஃபா கனத்தது. லிஃபாஃபா என்றால் உறை; கவிஞருக்குத் தரும் பணத்துக்கு அங்கே அதுதான் பெயர். இகழ்வது சுலபம். ஆனால் இரவோடு இரவாக மேடை விட்டு மேடை ஓடும் பிழைப்பு அது. 2009 ஜூன் 8 விடியற்காலை, விதிஷாவில் படித்துவிட்டுப் போபால் திரும்பும் வழியில் ஓம்பிரகாஷ் ஆதித்யா உட்பட மூன்று கவிஞர்கள் கார் விபத்தில் இறந்தார்கள்.

ஹோலியையொட்டி மார்ச்சில் நம் மண்டபத்திலேயே ஒரு கவி சம்மேளனம் வைத்தோம். இரண்டு இந்திக் கவிஞர்கள், நம் உறுப்பினர்கள் நால்வர். தமிழில் படித்து, உடனே இந்தி மொழிபெயர்ப்பும் படிப்பது என்று ஏற்பாடு. 1956 முதல் அகில இந்திய வானொலியின் சர்வபாஷா கவி சம்மேளனம் காட்டிய வழி இது. என் கண்டுபிடிப்பு அல்ல. அழைத்த கவிஞர்களில் ஒருவர் (பெயர் வேண்டாம்) ஹோலி சீசன் என்பதால் அதே இரவில் வேறொரு மேடையை முடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். உறையை முதலில் கேட்டார். இரண்டு கவிதைகளுக்கு நடுவே ஆறு ஜோக் சொன்னார். அதில் ஒன்று மதராசிகளைப் பற்றியது. நம்மவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அக்கம்பக்கத்து இந்திக்காரர்கள் நூற்றுக்கு மேல் வந்தார்கள். நம் உறுப்பினர்கள் பதினேழு பேர். அதில் நால்வர் மேடையில். நாம் கொடுத்த தமிழ்க் கவிதைகளுள் ஒன்று, யமுனையையும் வைகையையும் பற்றியது, இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்கப்பட்டது. எழுதியவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாக நம் கூட்டங்களில் படித்துவருபவர். நாம் ஒருமுறையும் அவரை 'இன்னொரு தடவை' என்று கேட்டதில்லை. அங்கே கவிதை பிடிக்காவிட்டால் கூச்சலிட்டு, ஹூட் செய்து இறக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை. ஹூட் செய்யவும் ஆள் வேண்டுமே.

1965-ஐ நினைவூட்டி ஒரு நீண்ட கடிதம் வந்தது. மதிக்கிறேன். அந்தப் போராட்டத்தில் என் பெரியப்பாவும் அடி வாங்கியவர்தான். திணித்தால் எதிர்ப்பது வேறு. இத்தனை வருடமாகச் சர்க்கரை கடன் வாங்கும் வீட்டுக்காரர் எந்த வரிக்குக் கைதட்டுகிறார் என்று தெரிந்துகொள்வது வேறு. கடிதம் எழுதியவர் மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டவில்லை என்பதை இங்கே குறிப்பிடுவது முறையல்ல என்பதால் குறிப்பிடவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். ஏறத்தாழ என்பது சம்மேளனச் செலவில் ஒரு பகுதிக்கு ரசீது கிடைக்காததால் வந்த சொல். லிஃபாஃபாவுக்கு யாரும் ரசீது தருவதில்லை. மண்டப வாடகை, சமோசா, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் பொருளாளரிடம் ரசீது உள்ளது. துண்டு விழுந்ததை இப்போதைக்கு ஒருவர் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரே, அதாவது நானே, கேட்டுக்கொள்கிறேன். எழுபத்தெட்டு உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் முப்பத்தொரு பேர். ஆண்டுக்கு அறுநூறு ரூபாய், மாதம் ஐம்பது. 'ஜிபே பண்ணிட்டேனே சார்' என்றவர்கள் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினால் நன்றி.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கை செய்தவருக்கும், மண்டபக் காவலருக்கும், சமோசாவை நேரத்துக்குக் கொடுத்த கடைக்காரருக்கும், மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்த பக்கத்து ஃப்ளாட்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குப் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. வயதும் ஆகிறது. ஆனால் பெண்கள் மட்டுமே படிக்கும் ஓர் இருமொழிக் கவியரங்கத்தை அந்த மாமி தலைமையில் நடத்தலாம் என்று அவரிடம் வாய்விட்டுவிட்டேன். அவரும் ஆறு பேரைச் சேர்த்துவிட்டார். மார்ச்சில் வாங்கிய வெள்ளை விரிப்பும் எட்டுத் திண்டும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. புதிய செயலாளர் ஒரு ஆட்டோவோடு வந்தால் ஒப்படைத்துவிடுகிறேன். நானே தொடர வேண்டும் என்றால், முதலில் இன்னும் ஒரு முப்பது பேராவது சந்தாவைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்