இத்துடன் ஏழு படங்கள்

கப்த், குவைத்
பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்குப் பணிவான வணக்கம்.

தாங்கள் கார்த்திகையில் எழுதிய கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். தொலைபேசியில் தங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, நான் குரலை உயர்த்தினால் அறையில் உறங்குபவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் உண்மைதான் என்றாலும், மூன்று மாதம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது தவறே. "செடியும் கொடியுமாக அனுப்புகிறானே, தன் முகத்தைக் காட்டினால் என்னவாம்?" என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்காகவே தம்பியின் செல்பேசிக்கு அனுப்பாமல் ஏழு படங்களை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இவையும் செடிகள்தாம். அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய அறையில் நாங்கள் நால்வர் இருந்தது தங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தார் இப்போது அபுதாபியில் இருக்கிறார். மட்டக்களப்பு அண்ணன் சவுதியின் வடக்கே ரஃப்ஹாவில் இருக்கிறார். அக்கா திருமணத்துக்கு வந்து ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்தாரே, அந்த ஜோத்பூர்க்காரர் ஊருக்கே திரும்பிவிட்டார். நான் மட்டும் இங்கே தண்ணீர் டேங்கர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிரிந்து சென்றபின் முதல் குளிர்காலத்தில் மட்டக்களப்பு அண்ணன் ஒரு பூவின் படத்தை அனுப்பினார். பதிலுக்கு நான் ஒன்று அனுப்பினேன். அன்று முதல் மழை விழுந்த இடமெல்லாம் என்ன முளைத்தது என்று நால்வரும் படம் அனுப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எவரும் தம் முகத்தை அனுப்புவதில்லை. முகத்தை அனுப்பினால் "ஏன் இளைத்துப் போனீர்?" என்று கேள்வி வரும், செடியை அனுப்பினால் அதன் பெயரை மட்டுந்தான் கேட்பார்கள்.

பாலைவனத்தில் பூவா என்று அம்மா வியப்பது நியாயமே. இந்நாட்டின் மித்ரிபா என்னும் இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி வெப்பம் பதிவானது. நான் வந்து சேர்ந்த ஆண்டு அது. அப்போது தங்களிடம் சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்டு இறுதி, செப்டம்பர் தொடக்கத்தில் விடியலுக்கு முன் தெற்கே சுஹைல் என்னும் விண்மீன் தோன்றியதும், வெயில் தணியப்போகிறது என்று இங்குள்ளவர்கள் மகிழ்கிறார்கள். தாங்கள் மொட்டைமாடியில் காட்டித் தந்த அகத்திய விண்மீன்தான் அது. அக்டோபர் நடுவில் 'வஸ்ம்' என்னும் மழைப்பருவம் தொடங்குகிறது. அந்த நாட்களில் நல்ல மழை கிடைத்த ஆண்டில், ஆண்டெல்லாம் மணலுக்குள் உறங்கிய விதைகள் தை, மாசியில் எழுந்து பூத்து, வெயில் ஏறுமுன் காய்த்து மடிகின்றன.

முதல் படத்தில் உள்ள நீலப்பூ விரலளவே உயரம் உடையது. அதற்கொரு பிடிவாதம் உண்டு: காலையில் மொட்டாகவே இருக்கும், உச்சிப்பொழுது தாண்டியபின் விரியும், மாலைக்குள் வாடிவிடும். பாலையில் கூடாரமிட்டிருந்த ஒருவருக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு, குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் தின்றபடி இதன் அருகில் ஒன்றரை மணிநேரம் காத்திருந்தேன். ஓர் இதழ் சட்டென்று நெகிழ்ந்து கீழே மடங்கியது; மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பழைய கேமராவை ஒரு நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். செல்பேசியில் எடுத்ததால் நீலம் சற்று வெளுத்திருக்கிறது.

இரண்டாம் படத்துக்கு எங்கள் சூடானிய ஆட்டுக்காரரே காரணம். பட்டிக்கு அருகில் தகரக் கொட்டகையில் தனியாக இருக்கும் அவர், எந்தச் செடியைக் காட்டினாலும் முதலில் கிள்ளி மென்றுவிட்டுத்தான் பெயர் சொல்வார். ஒருநாள் மழைக்குப்பின் மண்ணுக்கடியில் விளையும் ஃபக்அ காளான் இரண்டு கொடுத்தார். சந்தையில் அதன் விலை என்னைப் போன்றவர்கள் கேட்கவே கூசும் அளவில் இருக்கும். எங்கள் அறைச் சமையல்காரர் அதைப் புளிக்குழம்பில் போட்டுப் பாழாக்கினார். படத்தில் இருப்பது 'தானூன்' என்று ஆட்டுக்காரர் சொன்னார்: இலையும் இல்லை, பச்சையும் இல்லை; மணலைப் பிளந்துகொண்டு மஞ்சள் பூக்கதிர் மட்டும் நிற்கிறது. பக்கத்துப் புதரின் வேரில் ஒட்டி, அது உறிஞ்சியதை உண்டு வாழ்கிறதாம். "நம் சாதிதான்" என்று காயல்பட்டினத்தார் எழுதினார். நால்வரும் சிரித்தோம்.

மூன்றாவது ரஃப்ஹாவிலிருந்து வந்தது. கண்ணுக்கு எட்டியவரை மணலை மூடியிருக்கும் ஊதாப்பூ குஸாமா. வாசத்தை அனுப்ப வழியில்லையே என்று அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தார். நான்காவதும் ஐந்தாவதும் ஒரே இரவில் வந்தவை. காயல்பட்டினத்தார் ஒரு மரத்தை அனுப்பி, இது காஃப், அமீரகத்தின் தேசிய மரம் என்றார். ஜோத்பூர்க்காரர் தம் வயல் மரத்தை அனுப்பி, இது எங்கள் கேஜ்ரி அல்லவா, இதை வெட்டவிடாமல் 1730-இல் கேஜர்லி என்னும் ஊரில் 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள் என்றார். முள்ளையும் சிற்றிலையையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விருத்தாசலம் கோயிலில் தாங்கள் என்னைத் தூக்கிக் காட்டிய வன்னி! நள்ளிரவுவரை யார் வைத்த பெயர் பழையது என்று வழக்காடினோம்.

ஆறாவது படத்தை ஊருக்கே தெரியும். இங்கே ஹன்ளல் என்கிறார்கள், நமக்குப் பேய்க்குமட்டி. கொடி காய்ந்து, பந்துபோல் மஞ்சள் காய்கள் மட்டும் மணலில் கிடந்தன. தேரிக்காட்டில் நானும் தம்பியும் உதைத்து விளையாடியதும், பந்தயத்துக்காக நான் ஒன்றைக் கடித்துவிட்டு அழுததும், அம்மா கருப்பட்டியை வாயில் திணித்ததும் நினைவுக்கு வர, ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதே கசப்பு. டேங்கரை எடுக்கச் சற்று நேரமாயிற்று. சட்டைப்பையில் கருப்பட்டி இருந்திருக்கலாம்.

ஏழாவதில் பூவே இல்லை. வடக்கே சபா அல் அஹ்மத் காப்பகத்தின் வேலியோரம் எடுத்தது. இந்நாட்டின் தேசிய மலரான அர்ஃபஜ் கோடையின் தொடக்கத்தில்தான் பூக்கும். வேலிக்கு உள்ளே புதர் புதராக நிற்பதும், கூடாரமும் வண்டியும் ஆடும் ஒட்டகமும் புழங்கும் வெளிப்பக்கம் வெறுமணலாகக் கிடப்பதும் ஒரே படத்தில் தெரியும். வெயில் முதுகில் இருந்ததால் கீழ்மூலையில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. அது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தலையில் இருப்பது குளிருக்குக் கட்டிய துண்டு, வேறொன்றும் இல்லை.

தை மாதப் பணமும் இம்மாதப் பணமும் சேர்ந்தே வரும். 25, 26 தேசிய நாள், விடுதலை நாள் விடுமுறை, வங்கி திறக்காது. தம்பியின் தேர்வுக் கட்டணத்துக்கு அக்காவிடம் கைமாற்றாக வாங்குங்கள். அத்தானிடம் நானே பேசிக்கொள்கிறேன். அக்கா மகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் இல்லாமல் நாள் குறிக்க வேண்டாம், ஆவணிவரை பொறுக்கச் சொல்லுங்கள். பெரியப்பாவுடன் எல்லைக் கல் தகராறு இருக்கும்வரை பட்டாவுக்காக எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

உடங்காட்டை விறகு வியாபாரிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சித்திரைவரை முன்பணம் வாங்காதீர்கள். அதற்குள் நான் ஏற்பாடு செய்கிறேன். எப்படியும் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், கிணற்றோரம் குடைபோல் நிற்கும் அந்தப் பெரிய உடைமரத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பூக்கும்போது தம்பியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தாங்களும் அம்மாவும் அதன் அடியில் நின்றால் நல்லது.

தங்கள் அன்பு மகன்