எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்

பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள மல்லிகா,

பேத்தி பிறந்த செய்தி படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முட்டி வலிதான் விடவில்லை, ஆனாலும் பட்டறைக்குப் போகாமல் இருக்க மாட்டார்.

உன் சின்ன மைவி காடிக்கும் தன்னுடைய பழைய ஜெர்மன் டர்போ காடிக்கும் ஆக்டேன் எண் 97 உள்ள பெட்ரோல்தான் ஊற்றவேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். அவன் காடிக்கு அவன் சொல்வது சரி. உன் மைவிக்குத் தேவையே இல்லை.

97 என்றால் சக்தி கூடிய, சுத்தமான எண்ணெய் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். பட்டறைக் கணக்கு எழுத உட்கார்ந்த காலத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். 2009 செப்டம்பரில் 92ஐ எடுத்துவிட்டு 95 வந்தபோதும், "இஞ்சின் கெட்டுப்போகுமா?" என்று கேட்காத ஆளில்லை.

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அழுத்தத்தையும் சூட்டையும் எண்ணெய் எவ்வளவு தாங்கும் என்பது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கப்பட்டு, பிளக் பொறி விட்ட பிறகு தீ ஒரு பக்கத்திலிருந்து பரவவேண்டும். அது போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருப்பது தானாக வெடித்தால் 'டக் டக்' என்று உலோகச் சத்தம் கேட்கும். அது தொடர்ந்தால் பிஸ்டன் அடி வாங்கும். இதை அளக்க அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் ஒன்று வைத்திருக்கிறார்கள். நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, சீக்கிரம் வெடிக்கும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0. இரண்டையும் 95க்கு 5 என்று கலந்தால் எப்படித் தாங்குமோ அப்படித் தாங்கும் பெட்ரோல்தான் நம் 95.

உன் மைவி 95க்கென்றே வடிவமைத்த காடி. தாங்கும் சக்தி அதற்கு மேல் இருந்தாலும் அந்த இஞ்சினுக்கு அதை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. டர்போ அப்படியல்ல. காற்றை அழுத்தித் திணிக்கிறது, சூடும் ஏறுகிறது. அந்த 'டக் டக்' தட்டல் வந்தால் சென்சார் கண்டுபிடித்து, கணினி பொறியைத் தாமதப்படுத்திவிடும். இஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை குறையும், எண்ணெயும் கூடக் குடிக்கும். நாலு பேரை ஏற்றி, ஏர்கானைப் போட்டுக்கொண்டு கெந்திங் மலை மேலே ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆகவே மகனை எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்து உட்பக்கம் பார்க்கச் சொல். 95, 98 இரண்டும் போட்டிருந்தால் 95 ஊற்றினாலும் ஓடும், 97 நல்லது. 98 மட்டும் இருந்தால் 97ம் போதாது, 100 விற்கும் நிலையமாகத் தேடவேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அமெரிக்கக் காணொளியில் 91தான் உயர்தரம் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைக் கேட்டு யாரும் குழம்பவேண்டாம். அங்கே இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96.

காசையும் யோசி. 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 என்ற அரசாங்க மானியத் திட்டம் தொடங்கியபோது மைகார்டு அடையாள அட்டைக்கு 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர். பச்சைக் குழாய் 97க்கு மானியம் கிடையாது, வாரா வாரம் விலை மாறும். மைவிக்கு அதை ஊற்றும் காசில் நேரத்துக்கு இஞ்சின் ஆயில் மாற்றலாம். 97 இஞ்சினை உள்ளே கழுவிவிடும் என்பதையும் நம்பாதே. கழுவும் மருந்து வேறு, அந்த எண் வேறு. மகன் காடி நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகையாக இருந்தால், எந்த எண்ணெயும் உள்ளிழுக்கும் வால்வின் பின்புறத்தைத் தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியைக் கழற்றித்தான் துடைக்கவேண்டும்.

ஒன்று மட்டும் கவனி. 95 ஊற்றியும் மைவி மேட்டில் தட்டினால், 97 ஊற்றிச் சத்தத்தை அமுக்கப் பார்க்காதே. கரி, பிளக், ரேடியேட்டர், மூன்றையும் பட்டறையில் பார்க்கச் சொல். அப்படி ஏதாவது கேட்டால் எனக்கு உடனே போன் செய், அவரையே பேசச் சொல்கிறேன்.

அன்புடன்,
சாந்தி