ரசீது இல்லாத செலவுக்கும் பணம் ஒதுக்குங்கள்

வேளாண் மானியத் திட்டங்களை வகுப்பவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மானியம் தருகிறவற்றின் பட்டியலைப் பார்த்தால் சொட்டுநீர்க் குழாய், சூரியசக்தி பம்ப், விதைப்புக் கருவி என்று பெரும்பாலும் பொருள்களாகவே இருக்கின்றன. பொருளுக்கு ரசீது உண்டு, தணிக்கையில் சிக்கல் வராது. சரி, புரிகிறது. ஆனால் வறட்சியையும் பெருமழையையும் தாங்கும்படி ஒரு நிலத்தைத் தயார்செய்யும் வேலைகள் பலவற்றுக்கு ரசீதே கிடையாது.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இதற்கு மாற்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையில், துளையிட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் புதைத்து வைப்பார்கள். அதற்குள் நீர்மட்டம் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இதனால் பாசன நீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும், மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

குழாய்த் துண்டு மலிவுதான். அப்புறம் ஏன் எல்லோரும் செய்யவில்லை? காயவிட்ட வயலுக்கு வேண்டிய நாளில் தண்ணீர் வருமா என்ற பயம். முறை வைத்து வரும் வாய்க்கால் நீரை நம்பியிருப்பவர், வந்தபோதே கட்டி நிறுத்திக்கொள்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். தண்ணீர் வரியும் பரப்பளவை வைத்தே என்றால், மிச்சம் பிடித்தவருக்கு என்ன லாபம்? இங்கே பணம் போக வேண்டிய இடம் மதகுப் பராமரிப்பு, தவறாத நீர் முறை, முதல் சில போகங்களில் மகசூல் விழுந்தால் அதற்கான ஈடு.

இயற்கை வேளாண்மைக்கு மாறுகிறவரின் பாடும் இதேதான். சான்றிதழ் கைக்கு வர 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சல் குறையலாம், விலையோ பழைய விலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இடைக்காலத்துக்கு ஹெக்டேர் கணக்கில் உதவித்தொகை தரும் ஏற்பாடு இருக்கிறது. (அவர்களையும் அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். 2024இல் அங்கே விவசாயிகள் டிராக்டர்களோடு தெருவுக்கு வந்ததற்குப் படிவச் சுமையும் ஒரு காரணம்.)

இன்னொன்று: ‘முதலில் செலவு செய்யுங்கள், பிறகு தருகிறோம்’ என்கிற வழக்கம். கையில் பணம் உள்ளவருக்கு அது மானியம், கடன் வாங்கிச் செலவழிப்பவருக்கு வட்டி. உலகின் பண்ணைகளில் ஆறில் ஐந்து 2 ஹெக்டேருக்கும் சிறியவை என்பதை நினைவில் வையுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். மீதியை வயலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

குத்தகைதாரரின் விண்ணப்பத்தில் நில உரிமையாளரின் கையெழுத்துக் கேட்கும் கட்டம் இருந்தால், அதை இந்தப் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
வரி கட்டுகிற ஒருவர்