30 கிராம் சாதம் யாருக்குப் போதும்? காலிஃபிளவர் ரைஸ் பாக்கெட் பற்றி ஒரு புகார்

அனுப்புநர்:
மெஸ் உரிமையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
உறைநிலைக் காய்கறிப் பொருட்கள் பிரிவு.

பொருள்: உங்கள் 'லோ கார்ப்' (குறைந்த மாவுச்சத்து) காலிஃபிளவர் ரைஸ் 400 கிராம் பாக்கெட்டில் உள்ள தவறான வழிகாட்டல் குறித்தும், லேபிளைத் திருத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோரியும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் திருச்சியில் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு மட்டும்தான். சமையல் நானும் என் தங்கையும். பரிமாற ஒரு பையன். சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வங்கி, ஆஸ்பத்திரி, கோச்சிங் சென்டர் ஆட்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. எங்கள் பந்தியில் சாதம் வரும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டி "கொஞ்சமா போடுங்கக்கா" என்பவர்களைப் பார்த்தாலே அது புரிந்துவிடும். அவர்களுக்காகத்தான், அரிசிக்குப் பதிலாகக் காலிஃபிளவரைத் துருவிச் செய்யும் காலிஃபிளவர் சாதம் தொடங்கினேன்.

குளிர்காலத்தில் காந்தி மார்க்கெட்டில் காலிஃபிளவர் பூ நன்றாகவும் மலிவாகவும் கிடைக்கும். நாங்களே துருவிச் செய்வோம். வெயில் காலத்தில் விலையும் ஏறும், பூவும் மஞ்சளடித்துப் பிரிந்து வரும். அந்த மாதங்களைச் சமாளிக்கத்தான் உங்கள் விநியோகஸ்தரிடம் ஒரு பெட்டி வாங்கினேன். பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று விஷயம் போட்டிருக்கிறீர்கள்: 'அரிசி இல்லை', 'லோ கார்ப்', 'ஒரு பரிமாறலில் 6.6 கிராம் கார்ப் மட்டுமே'. இந்த மூன்றாவதுதான் என் புகாரின் மையம்.

எங்கள் மெஸ்ஸுக்கு வருகிறவர்களில் ஒரு தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப யூனிட் வைத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். நாங்கள் வீட்டு முறையில் செய்தபோது அவர் கணக்கு தப்பியதில்லை. உங்கள் பாக்கெட்டுக்கு மாறிய வாரம் அவரே அட்டையை வாங்கிப் பார்த்தார். முன்பக்கம் சொன்ன 6.6-ஐ ஒரு பரிமாறலுக்கு என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? கூட்டு, பொரியலைச் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கான ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 250-ஐத் தாண்டி நிற்கிறது. மறுநாள் வந்து, "அக்கா, இதுல அரிசி ஏதாச்சும் கலந்தீங்களா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைக்குத்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்து உரித்தேன். அதற்கு அடியில் இருக்கிறது சத்து அட்டவணை! பெட்டியில் உள்ள எல்லாப் பாக்கெட்டிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது. லேபிளில் உள்ளவை தெளிவாகவும், வாங்குகிறவர் எளிதில் படிக்கும்படியும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிளிங் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. வெந்நீர் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்றால் அது படிக்கும்படி இருக்கிறது என்று அர்த்தமா?

உரித்தபின் தெரிந்தது இது. 100 கிராமுக்கு மாவுச்சத்து 22 கிராம். பரிமாறும் அளவு 30 கிராம். ஆக 6.6. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனால் 30 கிராம் சாதம் என்பது எங்கள் ஊரில் காக்கைக்கு வைக்கும் பிடி. எங்கள் மெஸ்ஸில் ஓர் ஆளுக்கு வைப்பது சுமார் 200 கிராம். அதில் உங்கள் சரக்குக் கணக்குப்படி 44 கிராம் மாவுச்சத்து. வெந்த வெள்ளைச் சாதத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் வரும்; 200 கிராமுக்கு 56. அதாவது சாதத்தை விட்டுவிட்டு, பல மடங்கு விலை கொடுத்து உங்களுடையதைச் சாப்பிடுகிறவருக்கு மிச்சமாவது வெறும் 12 கிராம். வெறும் காலிஃபிளவரில் 100 கிராமுக்கு 5 கிராம்தான். 200 கிராம் வைத்தாலும் 10. அந்தத் தம்பி இத்தனை நாள் எங்கள் இலையில் சாப்பிட்டது இந்தப் பத்து.

மிச்ச மாவுச்சத்து எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஸ்டிக்கருக்கு அடியிலேயே விடை இருந்தது. காலிஃபிளவர் 78 சதவீதம், பிறகு மரவள்ளி ஸ்டார்ச், பிறகு மால்டோடெக்ஸ்ட்ரின், உப்பு. எனக்குப் பிறந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடையில் வளர்ந்தவளுக்கு மரவள்ளி மாவு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அது சுத்தமான மாவு. அரிசியைவிட எந்த விதத்திலும் சர்க்கரைக்காரர்களுக்கு உகந்தது இல்லை. 'அரிசி இல்லை' என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அரிசியின் வேலையைச் செய்ய அதன் பங்காளியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

மால்டோடெக்ஸ்ட்ரின் பற்றி அந்தத் தம்பிதான் விளக்கினார். மாவை உடைத்துச் செய்வது. குளுக்கோஸ் அளவுக்கு வேகமாக ரத்தத்தில் ஏறும். ஆனால் அட்டவணையில் 'சர்க்கரை' என்ற வரியில் அது சேராது. அதனால்தான் உங்கள் அட்டவணையில் சர்க்கரை 1.6 கிராம் என்று சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகும் பெரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டார்ச் எதற்குச் சேர்க்கிறீர்கள் என்பது சமைக்கிறவளுக்குப் புரியாமல் இல்லை. காலிஃபிளவரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். உறைய வைத்து எடுத்தால் அந்தத் தண்ணீர் விட்டுப்போய்ச் சொதசொதவென்று ஆகும். மாவைத் தூவினால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மணி மணியாக நிற்கும், எடையும் கூடும். ஆனால் தண்ணீரை விரட்ட வேறு வழி இல்லாமல் இல்லை. எங்கள் முறையைச் சொல்கிறேன், காசு ஒன்றும் வேண்டாம். பூவை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுப் புழுவை எடுத்துவிட்டு, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மிக்ஸியில் போட்டால் சட்னிதான். உலர்ந்ததை விட்டு விட்டு ஓட்டினால் ரவையை விடக் கொஞ்சம் பெரிதாக வரும். பெரிய கண் துருவியில் துருவினால் இன்னும் நல்லது. தண்டையும் சேர்த்துத் துருவுவோம், அதுதான் கடிக்கப் பதமாக இருக்கும். பிறகு வெள்ளைத் துணியில் கட்டி ஒரு பிழி. அகலமான இரும்புக் கடாய், நல்ல தீ, மூடி போடக் கூடாது, ஐந்து நிமிடம். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். இதில் எங்கேயும் மாவு கிடையாது. மணி மணியாகத்தான் வருகிறது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம் உங்கள் சமையல் குறிப்பு. 'ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் விட்டு, குக்கரில் 2 விசில்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதை எழுதியவர் அந்தப் பாக்கெட்டை ஒரு தடவையாவது பிரித்திருப்பாரா என்பது சந்தேகம். அரிசிக்கான குறிப்பை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அதன்படி செய்தால் ஸ்டார்ச் வெந்து களியாகிவிடுகிறது, காலிஃபிளவர் அதிகம் வெந்து கந்தக வாடை அடிக்கிறது. கோசு வகைக் காய்களை மூடி வைத்து வேகவைத்தால் அந்த வாடை வரும் என்பது சமையலறைக்குள் கால் வைத்த எவருக்கும் தெரியும். முதல் நாள் பந்தியில் இரண்டு பேர் மூக்கைச் சுளித்துவிட்டு, சாதமே போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உறைந்த சரக்கை வெளியில் வைத்து இளக விடாமல், நேராகச் சூடான கடாயில் கொட்டிப் பிரட்ட வேண்டும் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

பெட்டிக்குள் வைத்திருந்த பளபளப்பான செய்முறை அட்டை அதைவிட மேல். மூன்று செய்முறையில் ஒன்று, காலிஃபிளவர் ரைஸில் சர்க்கரைப் பொங்கல்! கால் கிலோ வெல்லம். மேலே 'லோ கார்ப் பண்டிகை' என்று தலைப்பு. வெல்லம் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதானே? இரண்டாவது, உருளைக்கிழங்குக் குருமாவோடு பரிமாறச் சொல்கிறது. மூன்றாவது ரசம் சாதம். அதில் சத்துக் குறை எதுவும் இல்லை; ஆனால் இலையில் போட்டுப் பார்த்தால் தெரியும், இந்தச் சாதம் ரசத்தை உறிஞ்சாது. ரசம் இலையை விட்டு மேசைக்கு ஓடும், சாதம் தனியாக நிற்கும். நீர்க்கச் சாம்பாருக்கும் அதே கதிதான். இதற்குச் சேர்வது கெட்டியான வத்தக்குழம்பு, கெட்டி மோர்க்குழம்பு, பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும், எலுமிச்சை அல்லது தேங்காய் தாளிப்பு. தயிர் சாதமாகச் செய்வதென்றால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துப் போட்டால் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டுவிடுவார்கள்.

இவ்வளவையும் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். 30 கிராம் என்பது 'கம்பெனி அளவு' என்றார். யார் முடிவு செய்தது என்றால் தெரியாது. பாக்கெட்டின் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பதிலாக வந்தது, 'உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது' என்ற ஒரு மின்னஞ்சலும், அடுத்த கொள்முதலில் 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும். தள்ளுபடியில் வாங்கினால் அந்த 44 கிராம் குறையுமா?

நீங்கள் இதை ருசிக்கான பண்டமாக விற்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 'கார்ப்' என்று எண் போட்டு விற்கும்போது, அந்த எண்ணைப் பார்த்து ஊசியின் அளவை வைக்கிறவர்கள் வாங்குவார்கள். அவர்களுக்கு அது மருந்துக் கணக்கு. உங்கள் பாக்கெட் யாருடைய அடுப்புக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது; எனக்கு என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் முகம் தெரியும். அவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவளாக நான் நிற்கிறேன்.

நான் கேட்பது இவைதான். முன்பக்கத்தில் மாவுச்சத்து அளவை 100 கிராமுக்கு என்று போடுங்கள். பரிமாறும் அளவைச் சொல்வதாக இருந்தால் மனிதர் சாப்பிடும் அளவைச் சொல்லுங்கள். மரவள்ளி ஸ்டார்ச்சும் மால்டோடெக்ஸ்ட்ரினும் கலந்திருப்பதை முன்பக்கத்திலேயே, 'அரிசி இல்லை' என்ற அதே எழுத்தளவில் எழுதுங்கள். அட்டவணை மீது எதையும் ஒட்டாதீர்கள். குக்கர் குறிப்பையும் வெல்லப் பொங்கல் அட்டையையும் திரும்பப் பெறுங்கள். பெட்டியின் விலையை எனக்கு முழுதாகத் திருப்பித் தாருங்கள். ரசீது நகலும் உரித்த ஸ்டிக்கரின் படமும் இணைத்திருக்கிறேன்.

மெஸ்ஸுக்கு வாங்கியது வணிக நோக்கம், ஆகவே நான் நுகர்வோரே இல்லை என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காகவே வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் வராது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் போவேன்.

பிரிக்காத பாக்கெட்டுகள் குளிர்பெட்டியில் அப்படியே இருக்கின்றன. எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ அனுப்புங்கள். நடுவில் பந்தி ஓடும், கதவைத் திறக்கக்கூட ஆள் இருக்காது.

இப்படிக்கு,
மெஸ் உரிமையாளர்,
திருச்சிராப்பள்ளி.

இணைப்பு: ரசீது நகல், பாக்கெட்டின் முன் – பின் படங்கள், செய்முறை அட்டை.