நீர்வண்ண ஓவியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதாந்திரக் கூட்டங்களை விக்டோரியா காலத்து ஆங்கிலேய நீர்வண்ண ஓவியர் ஹெலன் அலிங்ஹாமின் வாழ்வையும் பணியையும் பயில்வதற்கு ஒதுக்கினோம்.

1848இல் டெர்பிஷயரில் பிறந்த ஹெலன், தொண்டை அடைப்பான் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்து வந்த மருத்துவரான தம் தந்தையை 1862இல் அதே நோய்க்குப் பறிகொடுத்தார். ராயல் அகாடமி பள்ளியில் 1860இல் சேர்ந்த முதல் பெண் அவருடைய தாயின் சகோதரி லாரா ஹெர்ஃபோர்டு. அவ்வழியே ஹெலனும் 1867இல் அங்கு சேர்ந்தார். ‘கிராஃபிக்’ வார இதழுக்குப் படம் வரைந்து பொருளீட்டிய அவர், 1874இல் கவிஞர் வில்லியம் அலிங்ஹாமை மணந்த பின்னரே நீர்வண்ணத்தில் முழுமூச்சாக இறங்கினார்.

1881இல் சர்ரே மாவட்டத்தின் விட்லி அருகே குடியேறியதுதான் அவர் கலைக்குத் திருப்புமுனை என்பது என் கருத்து. லண்டன்வாசிகள் வாங்கிப் புதுப்பித்தும், உரிமையாளர்கள் இடித்தும் பழைய கிராமத்து வீடுகள் உருமாறி வந்த காலத்தில், அவ்வீடுகளின் எதிரே அமர்ந்து ஓட்டுக் கூரையையும் மரச்சட்டச் சுவரையும் புகைபோக்கியையும் அவர் பதிவு செய்தார். புதிய சன்னல் பொருத்தப்பட்டிருந்தால், சுற்றுவட்டாரத்தில் எஞ்சியிருந்த ஈயச்சட்டச் சன்னல்களைப் பார்த்துப் பழைய வடிவிலேயே வரைந்தார். அவ்வீடுகளுக்குள் இருந்த வறுமை அவர் படங்களில் தென்படவில்லை என்ற விமர்சனம் நம் கூட்டத்திலும் எழுந்தது, அது நியாயமானதே. எனினும் அவற்றை வெறும் அழகுப் படங்களென ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை.

செய்முறை வகுப்பில் உறுப்பினர்களை மிகவும் ஈர்த்தது அவருடைய சுரண்டும் முறை. வெள்ளை வண்ணத்தைப் பூசி ஒளியைக் காட்டாமல், காய்ந்த வண்ணத்தைக் கத்தி நுனியால் சுரண்டி, அடியிலுள்ள தாளின் வெண்மையையே பூவிதழாகவும் புல்நுனியாகவும் வெளிக்கொணர்வது அது. மெல்லிய தாள் இதைத் தாங்காது என்பதால், வரும் ஆண்டில் தடித்த பருத்தித் தாள் வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

1875இலேயே இணை உறுப்பினராகத் தேர்வு பெற்றும், பெண்களுக்கு முழு உறுப்பினர் தகுதி மறுக்கப்பட்டிருந்த ராயல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் 1890இல்தான் அவர் முதல் முழுப் பெண் உறுப்பினரானார். முந்தைய ஆண்டே கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தூரிகையின் வருவாயால் வளர்த்து வந்த அவர், 1926இல் மறையும் வரை ஓவியராகவே வாழ்ந்தார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்