ஆண்டறிக்கை 2024–25: தீயணைப்பு வண்டி கரை வரை வர வேண்டும்

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகள் குறையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் அலைந்தது தீயணைப்பு வண்டிக்காகத்தான். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே இரவில் 30-க்கும் மேற்பட்ட படகுகள் எரிந்தன. எரிந்த படகை அவிழ்த்துத் தள்ளிவிட்டும், காற்றும் நீரோட்டமும் அதைத் திரும்பக் கரைக்கே கொண்டுவந்துவிட்டன. நம் கரையிலும் ஃபைபர் படகு, நைலான் வலை, மண்ணெண்ணெய் கேன் எல்லாம் ஒட்டி ஒட்டித்தான் கிடக்கின்றன. சுனாமிக்குப் பிறகு கூரை வீடுகள் குறைந்துவிட்டன, இனித் தீ பயம் இல்லை என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏப்ரல் தீத்தொண்டு வாரத்தில் நம் வேண்டுகோளை ஏற்று ஒத்திகைக்கு வண்டி வந்தது. சாலையில் வேகமாகத்தான் வந்தது. ஏலக்கூடத்தைத் தாண்டியதும் முன்சக்கரம் பாதிக்கு மேல் மணலில் புதைந்துவிட்டது. இளைஞர்கள் தென்னை மட்டைகளை அடியில் கொடுத்துத் தள்ளிய பிறகே நகர்ந்தது. உண்மையான தீயாக இருந்திருந்தால்?

அன்று பேசிய ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் பழைய கதை ஒன்று சொன்னார். குதிரை இழுத்த நீராவி பம்பில் முதலில் கொதிகலனைச் சூடேற்ற வேண்டும். 1904-இல் லண்டனை அடுத்த ஃபின்ச்லிக்கு மெரிவெதர் நிறுவனம் கொடுத்த வண்டியில், சக்கரத்தை ஓட்டிய பெட்ரோல் இன்ஜினே பம்பையும் ஓட்டியது. வந்து நின்றதும் தண்ணீர் பாய்ச்சலாம். ஆனால் தண்ணீர் வேண்டுமே! 4,500 லிட்டர் வண்டியில் நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சினால் பத்தே நிமிடத்தில் காலி. எதிரே கடல் இருந்தும், உறிஞ்சு குழாய் எட்டும் தூரத்துக்கு வண்டி போனால்தான் பயன். உப்புநீர் எடுத்த பம்பை நல்ல தண்ணீரால் அலசவும் வேண்டும்.

ஆகவே ஏலக்கூடத்திலிருந்து கரை வரை சிமென்ட் பாதை, நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று, இரண்டும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்போம். அதுவரை படகு வரிசைகளுக்கு நடுவே ஒரு வண்டி போகும் அகலத்துக்கு இடம் விட வேண்டும். வடக்குத் தெருக்காரர்கள் இப்போதே விட்டுவிட்டார்கள், அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. மற்ற தெருக்காரர்களும் இந்த மாதத்துக்குள் படகுகளை நகர்த்திக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்